காணி தேடி நடந்த ஒருவரின் கதை

இவ்விதழில் தூரதேசத்துக் கமக்காரர் ஒருவரின் வாழ்க்கையை எமது வாசகர்களுக்கு அறிமுகம் செய்கின்றோம். அவர் பெயர் ஜெசி அப்பிள்கேற். 1811இல் பிறந்து 1888இல் காலமானவர். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்று ஒரேகன் மாநிலமாக உள்ள பகுதியில் ஆரம்பத்தில் குடியேறிய வெள்ளையருள் ஒருவர். அங்கே ஆரம்பகாலச் சட்டங்களை ஆக்கிய சபையிலும், பின்னர் மாநிலத்தின் அரசியலமைப்பை எழுதிய மாநாட்டிலும் உறுப்பினராய் இருந்தவர்.

வீட்டுச் சாமான்களை வண்டிலில் ஏற்றியவர், மாடு கன்றுகளைச் சாய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தவர், வழியிலே பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், புதிய மண்ணில் வேலி போட்டு விதைத்தவர், முதிர்ந்த வயதில் ஒரேயொரு கையெழுத்தினால் அந்த மண்ணையே இழந்தவர். இவற்றுள் ஒன்றையேனும் எமது வாசகர்களிற் பலர் தம் வாழ்வில் கண்டிருப்பர். ஆகவேதான் இவரைத் தெரிந்தெடுத்தோம்.

எனினும் இரண்டு வேறுபாடுகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பிள்கேற் குண்டுக்கும் செல்லுக்கும் பயந்து ஓடியவர் அல்லர், தாமாகவே புறப்பட்டவர். அத்துடன் அவர் போய்ச் சேர்ந்த நிலம் ஆளில்லாத நிலமும் அல்ல. அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தனர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இக்கதையை வாசிப்போம்.

விளைவு இருந்தும் விலை இல்லை

ஜெசி அப்பிள்கேற் கென்ரக்கி மாநிலத்தில் பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே பெற்றோருடன் மிசூரிக்கு வந்தார். ஓரளவு படித்தார். சென் லூயிஸ் நகரில் அரசாங்க நில அளவைக் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை செய்து, நில அளவைத் தொழிலையும் கற்றுக்கொண்டார். 1831இல் சிந்தியா பாக்கர் என்பவரை மணந்து, ஒசேஜ் ஆற்றங்கரையில் கமம் செய்யத் தொடங்கினார். அவருடைய தமையன்மாரான சாள்ஸ், லின்சி ஆகிய இருவரும் மிசூரியிலேயே கமம் செய்தனர்.

நிலம் நல்ல நிலம். உழைப்பும் குறைவில்லை. ஆனால் 1837இல் அமெரிக்காவெங்கும் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் மூடப்பட்டன. விளைபொருள்களின் விலை சரிந்தது. அப்பிள்கேற் நீராவிக் கப்பல் ஒன்று நிறையப் பன்றி இறைச்சியை 100 டொலருக்கு விற்க நேர்ந்ததென்றும், வாங்கியவர்கள் அதைச் சாப்பிடுவதற்கன்றிக் கப்பல் அடுப்பில் விறகோடு எரிப்பதற்கே எடுத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இதைவிடக் கமக்காரனுக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

இரண்டாவது காரணமும் உண்டு. மிசூரி அடிமை முறையை அனுமதித்த மாநிலம். அயலிலுள்ள பெரிய கமக்காரர் அடிமைகளை வைத்து வேலை வாங்கினர். அப்பிள்கேற் மனிதரை விலைக்கு வாங்க மறுத்தார். ஆனால் கூலி கொடாமல் வேலை வாங்குபவனோடு சந்தையில் போட்டியிடுவது எப்படி? நியாயமாக நடக்க விரும்புபவன் நட்டப்படுவதாகவே அந்த ஊரின் ஒழுங்கு இருந்தது.

இந்த வேளையில்தான் ஒரேகனைப் பற்றிய செய்திகள் பரவின. நல்ல மண், நோய் குறைந்த நாடு என்றார்கள். அங்கே குடியேறுவோருக்குக் காணி வழங்கும் மசோதா ஒன்று 1843 பெப்ரவரியில் அமெரிக்க மேல்சபையில் நிறைவேறியது. கீழ்ச்சபை அதை நிறைவேற்றவில்லை. ஒரேகனும் அப்போது அமெரிக்காவுக்குத் தனியாகச் சொந்தமாய் இருக்கவில்லை. 1818இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் அங்கே சம உரிமை இருந்தது. ஆக, மக்கள் நம்பிப் புறப்பட்டது ஒரு வாக்குறுதியை, சட்டத்தை அல்ல.

வண்டில் தொடர்

1843 மே மாதம் மிசூரியின் மேற்கெல்லையிலிருந்து ஏறத்தாழ 900 பேர் புறப்பட்டனர். 100க்கு மேற்பட்ட வண்டில்கள், ஆயிரக்கணக்கான மாடுகள். செல்ல வேண்டிய தூரம் ஏறத்தாழ 2,000 மைல். அப்பிள்கேற் சகோதரர் மூவரும் தத்தம் குடும்பங்களுடன் சேர்ந்துகொண்டனர். அதற்கு முன்னர் இவ்வளவு பெருந்தொகையானோர் அந்த வழியாற் சென்றதில்லை.

புறப்பட்டுச் சில நாட்களுக்குள் பிணக்கு எழுந்தது. மாடில்லாதவர்கள், "மற்றவர்களின் மாட்டுக்கு நாங்கள் ஏன் இரவிரவாகக் காவல் நிற்க வேண்டும்? மாட்டினால் எங்கள் பயணமும் பிந்துகிறது" என்ற முறையில் முறையிட்டனர். மாடுடையவர்களுக்கோ மாடுதான் சொத்து. அதை விட்டால் புதிய இடத்தில் உழவும் இல்லை, பாலும் இல்லை. கடைசியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. விரைவாகச் செல்லக்கூடியவர்கள் ஒன்றாயினர். பெரிய மாட்டுப்பட்டி உடையவர்கள் மற்றொன்றாயினர். இந்த "மாட்டுத் தொடருக்கு" அப்பிள்கேற்றைத் தலைவராகத் தெரிவு செய்தனர். பிரிந்த இரு பகுதியினரும் தூரமாக விலகிவிடவில்லை. ஆபத்து வந்தால் உதவக்கூடிய தூரத்திலேயே சென்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

அந்தப் பயணத்தின் ஒரு நாளை அப்பிள்கேற் பிற்காலத்தில் ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் விபரிக்கும் ஒழுங்கை இங்கே சுருக்கித் தருகிறோம்.

விடியற்காலை நான்கு மணிக்குக் காவலாளர் வெடி வைத்து எல்லோரையும் எழுப்புவர். ஆண்கள் சிலர் மேய்ச்சலுக்குப் பரந்துபோன மாடுகளைத் தேடிச் சாய்த்து வருவர். மற்றவர்கள் சமையல், கூடாரம் பிடுங்குதல், வண்டில் ஏற்றுதல் ஆகியவற்றைக் கவனிப்பர். சரியாக ஏழு மணிக்கு வண்டில்கள் நகர வேண்டும். அந்நேரத்துக்கு ஆயத்தமாகாதவன் அன்று முழுவதும் வரிசையின் கடைசியில் புழுதி குடித்துக்கொண்டு செல்ல வேண்டியதுதான்.

அந்தத் தொடரின் 60 வண்டில்களும் நான்கு நான்காகப் 15 அணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இன்று முன்னே செல்லும் அணி நாளை கடைசிக்குப் போகும். இப்படியே முறை சுற்றி வரும். பணக்காரனுக்கு என்றும் முன்னிடம், ஏழைக்கு என்றும் புழுதி என்ற நிலை அங்கே இருக்கவில்லை.

மாலையில் வண்டில்களை வட்டமாக நிறுத்துவர். ஒரு வண்டிலின் ஏர்க்காலை அடுத்த வண்டிலுடன் சங்கிலியால் பிணைப்பர். அதுவே அன்றைய இரவுக்கு மதில். காவலும் முறை வைத்தே நடைபெற்றது. நடுப்பகலில் மாடுகள் இளைப்பாறும்போது தலைவர்கள் கூடி வழக்குகளை விசாரித்தனர். கூலிக்கு வந்த இளைஞனுக்கும் அவனைக் கூட்டிவந்தவருக்கும் இடையில் தகராறு என்றால், இருவர் சொல்லையும் கேட்டே தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்தப் பயணத்தில் வைத்தியராகவும் வழிகாட்டியாகவும் சென்றவர் மாக்கஸ் விற்மன் என்ற மிஷனரி. பெண் ஒருவர் பிரசவ வேதனைப்பட்டபோது ஒரு வண்டிலை மட்டும் வழியோரம் நிறுத்தி அவர் கவனித்ததையும், அந்த வண்டில் மாலையில் நலமாக வந்து சேர்ந்ததையும் அப்பிள்கேற் நன்றியுடன் எழுதியுள்ளார். விற்மனை 1836இல் ஒரேகனுக்கு அனுப்பியது அமெரிக்க மிஷன் சங்கம். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பி, வட்டுக்கோட்டைச் செமினரியையும் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கியதும் அதே சங்கமே. ஒரே சங்கத்தின் தொண்டர்கள் உலகின் இரு கோடியிலும் ஒரே காலத்தில் வேலை செய்தனர்.

ஆறு கொண்டுபோன பிள்ளைகள்

மாரி தொடங்கும் காலத்தில் அவர்கள் கொலம்பியா ஆற்றங்கரையை அடைந்தனர். அங்கிருந்து வண்டில் செல்லப் பாதை இல்லை. மாடுகளையும் வண்டில்களையும் வல்லா வல்லாக் கோட்டையருகே விட்டுவிட்டு, அப்பிள்கேற் குடும்பத்தினர் தாமே வள்ளங்கள் கட்டி ஆற்று வழியாக இறங்கினர்.

1843 நவம்பர் மாத முற்பகுதியில், டால்ஸ் என்ற இடத்துக்கு அண்மையில், பாறைகளுக்கிடையே நீர் சுழித்தோடும் பகுதியில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. ஜெசியின் மகன் எட்வேட்டும், லின்சியின் மகன் வாரனும் நீரில் மூழ்கினர். இருவரும் பத்து வயதளவிலான சிறுவர்கள். அவர்களைக் காக்க முயன்ற முதியவர் ஒருவரும் அவர்களோடு மாண்டார்.

மற்றொரு வள்ளத்திலிருந்த பெற்றோர் இதைக் கண்முன்னே கண்டனர். லின்சியின் இன்னொரு மகன் அப்போது ஏழு வயதுச் சிறுவன். அவன் வளர்ந்தபின் எழுதியதன்படி, தந்தைமார் இருவரும் துடுப்பைப் போட்டுவிட்டு நீரிற் குதிக்கப் பார்த்தார்கள். துடுப்பை விட்டால் இந்த வள்ளத்திலுள்ள எல்லோரும் சாவோம் என்று தாய்மார் கதறித் தடுத்தார்கள். அவர்கள் மீண்டும் துடுப்பைப் பிடித்தார்கள். மற்றப் பிள்ளைகள் கரை சேர்ந்தனர்.

பெற்ற பிள்ளை நீரிற் போய்க்கொண்டிருக்க, இருக்கும் பிள்ளைகளுக்காகத் துடுப்பை விடாதே என்று சொல்வது எவ்வளவு கொடிய பாரம்! அதைச் சொன்னவர்கள் தாய்மார். குடிபெயர்ந்த மக்களின் வரலாற்றை எழுதுவோர் தலைவர்களின் பெயரை எழுதுகிறார்கள். அந்தத் தாய்மாரின் சொல்லினால்தான் ஒரு வள்ளம் தப்பியது என்பதையும் எழுத வேண்டும்.

இனி எவருடைய பிள்ளையும் இந்த ஆற்றிற் போகக்கூடாது. வேறு பாதை கண்டுபிடிப்போம் என்று சகோதரர் உறுதிகொண்டனர்.

எல்லைக்கல்லும் பதிவேடும்

குடும்பம் வில்லமெற் பள்ளத்தாக்கில் கமம் தொடங்கியது. அரசாங்கம் என்று சொல்லத்தக்கதாக அங்கே எதுவும் இல்லை. குடியேறியவர்கள் 1843இல் தாமே கூடித் தற்காலிக அரசாங்கம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தனர். 1845இல் அதன் சட்டசபைக்கு அப்பிள்கேற் தெரிவானார். அடிப்படைச் சட்டத்தைத் திருத்தி எழுதியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவர் எதிர்கொண்ட முதற் சிக்கல் இது: அங்கே அமெரிக்கரும் இருந்தனர், பிரித்தானியரும் இருந்தனர். பிரித்தானியரின் ஹட்சன்ஸ் பே கம்பனியிடமே களஞ்சியமும் விதையும் பொருளும் இருந்தன. அமெரிக்க அரசுக்கு விசுவாசம் சொல்லும்படி எல்லோரையும் கேட்டால் பாதிப்பேர் வெளியே நிற்பர். அப்பிள்கேற் சத்தியப்பிரமாணத்தின் வாசகத்தை மாற்றுவித்தார். தத்தம் நாட்டுக்குரிய கடமைக்கு மாறுபடாத அளவில் இந்தச் சட்டத்தை ஆதரிப்பேன் என்று சொன்னாற் போதும் என்றாயிற்று. அதன்பின் அப்பகுதியில் கம்பனியின் தலைவராக இருந்த ஜோன் மக்லொக்ளின் என்பவரும் சேர்ந்துகொண்டார். எவரும் தம்மை மறுதலிக்காமல் ஒரே ஒழுங்கின் கீழ் வாழ வழி பிறந்தது.

அடுத்தது காணி. அந்தத் தற்காலிகச் சட்டத்தின்படி ஒருவர் 640 ஏக்கர் வரை உரிமை கோரலாம். ஆனால் கோரினால் மட்டும் போதாது. எல்லைகளைக் குறிக்க வேண்டும். பதிவாளரிடம் பதிய வேண்டும். குறித்த காலத்துள் வீடோ வேலியோ போட வேண்டும். அங்கே குடியிருக்க வேண்டும். நில அளவை தெரிந்த அப்பிள்கேற்றின் அறிவு இங்கே அயலவர்க்கெல்லாம் பயன்பட்டது.

1846இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் எல்லையைப் பிரித்துக்கொண்டன. 1850இல் அமெரிக்கப் பாராளுமன்றம் காணி வழங்கற் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, 1850 முடிவதற்கு முன்பே அங்கு குடியிருந்த தனி ஆணுக்கு 320 ஏக்கர். மணமானவர்களுக்கு 640 ஏக்கர். அந்த 640இல் பாதி மனைவியின் பெயரில், அவருக்கே உரிய சொத்தாக எழுதப்பட்டது. அக்காலத்தில் மணமான பெண்ணின் சொத்து கணவனின் கையில் இருப்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். இன்றும் ஆணின் பெயரில் மட்டும் காணிப் பத்திரம் எழுதப்படும் இடங்களில் விதவைகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இச்சட்டத்தின் பெறுமதி விளங்கும்.

புதிய பாதையும் அதன் விலையும்

1846 ஜூன் மாதம், ஜெசியும் லின்சியும் உட்படப் 15 பேர் தெற்கு வழியாக ஒரு பாதை தேடிப் புறப்பட்டனர். மலை, காடு, ஏரிக்கரை, கடைசியில் நீரில்லாத பாலை. இவற்றையெல்லாம் கடந்து ஹம்போல்ற் ஆற்றை அடைந்து பாதையைக் கண்டுபிடித்தனர். கொலம்பியா ஆற்றின் சுழிகளைத் தவிர்க்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

ஜெசி மேலும் கிழக்கே சென்று, அவ்வாண்டு வந்துகொண்டிருந்த குடியேற்றக்காரர்களிடம் இப்பாதையைப் பற்றிக் கூறினார். ஏறத்தாழ நூறு வண்டில்கள் அவர் சொல்லை நம்பித் திரும்பின. அவர் காடு வெட்டுவதற்காகச் சிலருடன் முன்னே சென்றார். வண்டில்கள் பின்னே வந்தன.

ஆனால் பாதையைக் காண்பது வேறு. வண்டில் போகும்படி அதைத் திருத்துவது வேறு. பாலையில் மாடுகள் தண்ணீரின்றிச் செத்தன. பயணம் பிந்தியது. மாரிமழை முந்திவிட்டது. அம்ப்குவா மலையிடுக்கில் வண்டில்கள் உடைந்தன. பலர் உடைமைகளைக் கைவிட்டு நடந்தனர். சிலர் வழியிலேயே இறந்தனர். வில்லமெற் பள்ளத்தாக்கிலிருந்து உணவும் குதிரைகளும் அனுப்பப்பட்டிராவிட்டால் இன்னும் பலர் மடிந்திருப்பர். தப்பி வந்தவர்களுள் ஒருவர் அப்பிள்கேற்றைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டி எழுதினார். அவருக்காகப் பரிந்து பேசியவர்களும் இருந்தனர். இந்த வழக்கு அவர் காலத்தில் ஓயவேயில்லை.

அவருடைய நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவர் மற்றவர் பிள்ளைகளுக்காகத் தேடிய பாதை அது. ஆனாலும் நல்ல நோக்கம் மட்டும் போதாது. மக்களை ஓரிடத்துக்கு வாருங்கள் என்று அழைப்பவர், வழியில் தண்ணீர் உண்டா, மழைக்கு முன் போய்ச் சேரலாமா, அங்கே முதல் மூன்று மாதத்துக்கு உணவுண்டா என்பதைப் பார்த்தபின்பே அழைக்க வேண்டும். மீள்குடியேற்றத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரிகளுக்கும், தொண்டு நிறுவனங்களுக்கும், திருச்சபையினராகிய எமக்கும் இது பொருந்தும்.

பின்வந்த ஆண்டுகளில் அப்பாதை திருத்தப்பட்டு ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. இன்று ஒரேகனின் தென்பகுதியில் பெரிய நெடுஞ்சாலை ஒன்று சில இடங்களில் அதே வழியாகச் செல்கிறது. அப்பாதைக்கு அப்பிள்கேற் பாதை என்றே பெயர்.

அந்த நிலம் யாருடையது?

இப்போது முன்னர் சொன்ன இரண்டாவது வேறுபாட்டுக்கு வருகிறோம்.

வில்லமெற் பள்ளத்தாக்கில் கலப்பூயா என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். கிழங்கு தோண்டியும், வேட்டையாடியும், புல்வெளிகளைக் காலத்துக்குக் காலம் எரித்துப் பண்படுத்தியும் வந்தனர். வந்தேறியோர் "திறந்த நல்ல புல்வெளி" என்று வியந்தது உண்மையில் அந்த மக்களின் கைவேலை. 1830களில் பரவிய காய்ச்சல் நோயினால் அவர்களிற் பெரும்பாலானோர் இறந்துவிட்டனர். எஞ்சியோரிடம் நிலத்துக்கு ஒப்பந்தம் பெறுமுன்னரே 1850ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் நிலத்தை வெள்ளையருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. 1854இலும் 1855இலும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. 1856இல் அவர்கள் கிரான்ட் றொன்ட் என்ற ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்பட்டனர்.

அப்பிள்கேற் குடும்பம் 1850ஆம் ஆண்டளவில் தெற்கே யொங்கல்லா என்ற இடத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பெயரே அங்கு வாழ்ந்த கலப்பூயாப் பிரிவினரின் பெயர்தான். அவர்களின் தலைவர் ஹாலோ தம் மூதாதையரின் மண்ணைவிட்டுப் போக மறுத்தார். அப்பிள்கேற் குடும்பத்தினர் அவர் பக்கம் நின்றனர். ஹாலோவும் குடும்பத்தினரும் அங்கேயே தங்கினர்.

இது நல்ல செயல். ஆனால் தம் சொந்த மண்ணில் இருப்பதற்கு அந்த மனிதருக்கு அயலவரின் தயவு வேண்டியிருந்தது என்பதையும் நாம் காண வேண்டும். பத்திரம் அப்பிள்கேற்றின் கையில். மூதாதையரின் எலும்பு ஹாலோவின் மண்ணில். ஒரு குடும்பத்துக்குத் தயவு கிடைத்தது. ஒரு மக்களுக்கு நீதி கிடைக்கவில்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்த வித்தியாசம் புரியாததல்ல.

பிற்காலத்தில் அப்பிள்கேற் கலிபோர்னிய எல்லையோரம் ஒரு பெரிய மாட்டுப்பண்ணையின் அலுவல்களைக் கவனித்தார். அங்கே மொடொக் மக்கள் தம் நிலத்தைவிட்டு அகல மறுத்ததனால் 1872இல் போர் மூண்டது. 1873இல் அமைக்கப்பட்ட சமாதானக் குழுவில் அப்பிள்கேற்றும் நியமிக்கப்பட்டார்; சிறிது காலத்தில் விலகிக்கொண்டார். அந்த நிலத்தில் மேய்ச்சல் தேடிய பண்ணைக்காரரின் ஆளே சமாதானம் பேசும் ஆசனத்தில் இருந்தால் மறுபக்கத்தார் எப்படி நம்புவர்? போரின் முடிவில் மொடொக் தலைவர் தூக்கிலிடப்பட்டார். எஞ்சிய ஏறத்தாழ 150 பேர் தூரதேசத்துக்கு நாடுகடத்தப்பட்டனர்.

அடிமை முறை பற்றிய வாக்கெடுப்பு

1857 ஓகஸ்ற் மாதத்தில் ஒரேகனின் அரசியலமைப்பை எழுத 60 பிரதிநிதிகள் சேலம் நகரிற் கூடினர். அப்பிள்கேற் அவர்களில் ஒருவர். அடிமை முறையை அவர் எப்போதும் எதிர்த்தவர். ஆனால் மாநாட்டை நடத்திய பெரும்பான்மைக் கட்சியினருடன் ஒத்துப்போக முடியாமல் முடிவுக்கு முன்னரே வெளியேறினார்.

அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்தனர். அடிமை முறை வேண்டாம் என்று 7,727 பேரும், வேண்டும் என்று 2,645 பேரும் வாக்களித்தனர். ஆனால் அதே நாளில், கறுப்பின மக்கள் ஒரேகனில் வந்து குடியேறவே கூடாது என்ற வாசகத்துக்கு 8,640 பேர் ஆதரவாகவும், 1,081 பேர் மட்டுமே எதிராகவும் வாக்களித்தனர். அந்த வாசகம் 1926 வரை அரசியலமைப்பிலிருந்து நீக்கப்படவில்லை. ஒருவனை அடிமையாக்க மாட்டேன், ஆனால் என் அயலில் அவன் வாழவும் கூடாது என்றே பெரும்பான்மை சொல்லியது. தாமே காணி தேடி வந்தவர்கள் பிறகு வருபவனுக்குப் படலையைச் சாத்திய கதை இது. புதிதாய் வருவோரைப் பழைய குடிகள் ஒதுக்குவது எந்த ஊருக்கும் புதிதல்ல.

ஒரு கையெழுத்து

யொங்கல்லாவில் அப்பிள்கேற் செல்வாக்குடன் வாழ்ந்தார். பெரிய வீடு, நிறைய நூல்கள், ஆலோசனை கேட்டு வரும் அரசியல்வாதிகள். "யொங்கல்லாவின் ஞானி" என்று மக்கள் அழைத்தனர்.

1862 முதல் 1870 வரை ஒரேகன் மாநிலச் செயலாளராக இருந்தவர் சாமுவேல் மே. அவருக்கு அப்பிள்கேற் பிணை நின்றார். நண்பர்தானே, பெரிய உத்தியோகத்தர்தானே என்ற நம்பிக்கை. மே பதவியைவிட்டு நீங்கியபின் பொதுப்பணத்தில் துண்டு விழுந்திருப்பது வெளிப்பட்டது. அரசாங்கம் பிணை நின்றவர்கள் மீது வழக்குப் போட்டது. அப்பிள்கேற் ஒரு சதமும் எடுத்தவர் அல்லர். ஆனாலும் கையெழுத்து அவருடையது. இரண்டாயிரம் மைல் நடந்து தேடிய காணி, கட்டிய வீடு எல்லாம் கைவிட்டுப் போயின.

1881இல் மனைவி சிந்தியா இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கூடவே வாழ்ந்தவர். அதன்பின் அவருடைய மனமும் தளர்ந்தது. சேலம் நகர மனநல வைத்தியசாலையில் சில காலம் இருந்தார். 1888 ஏப்ரில் 22ஆம் திகதி யொங்கல்லாவில் காலமானார். மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறருக்காகப் பிணை நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் நூல் ஒருமுறை அல்ல, பலமுறை எச்சரிக்கிறது. சங்கக் கடனுக்கும், கூட்டுறவுக் கடனுக்கும், உறவினரின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பிணைக் கையெழுத்துக் கேட்டு வருவோர் எமது கிராமங்களிலும் உண்டு. உதவ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம்: மொத்தத் தொகை எவ்வளவு? அவர் கட்டாவிட்டால் எனது எந்தச் சொத்து போகும்? என் பொறுப்பு எந்தத் திகதியுடன் முடிகிறது? இதை என் மனைவி அல்லது கணவன் அறிவாரா? இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லையேல் பேனாவை எடுக்க வேண்டாம். கையில் இருக்கும் சிறு தொகையைக் கொடுத்து உதவுவது, காணியை ஈடாக வைப்பதிலும் மேல்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

அப்பிள்கேற்றை முன்மாதிரி என்று முழுமையாகச் சொல்ல முடியாது. குற்றவாளி என்று ஒதுக்கவும் முடியாது. அவரிடமிருந்து நாம் ஏற்கக்கூடியவை சில உண்டு. கூட்டமாக வாழும்போது சுமையையும் வசதியையும் முறை வைத்துப் பகிர்தல். பிணக்கை இரு பக்கமும் கேட்டுத் தீர்த்தல். காணியின் எல்லையையும் பதிவையும் முதல் வேலையாகக் கவனித்தல். வேறுபட்ட மக்கள் ஒருவரும் தலைகுனியாமல் சேர்ந்து வாழ வழி தேடுதல்.

அவருடைய காலத்தவர் தவறவிட்டதும் எமக்குப் பாடமே. எமக்குக் காணி கிடைக்கும்போது அது முன்னர் யாருடைய காணி, அவர்கள் இப்போது எங்கே என்று கேட்க வேண்டும். வேறொரு இடம்பெயர்ந்த குடும்பத்தின் வளவில் நாம் குடியிருக்க நேர்ந்தால், அவர்கள் நட்ட மாவையும் தென்னையையும் தறியாமல் வைத்திருப்போம். அவர்கள் திரும்பி வரும் நாளில் கிணற்றடியில் நின்று பேசக்கூடிய உறவை இன்றே காத்துக்கொள்வோம்.

கலந்துரையாடுவதற்கு

மாதர் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், வாசகர் வட்டங்களும் பின்வரும் கேள்விகளை எடுத்துப் பேசலாம்.

1. எமது குடியிருப்பில் தண்ணீர், நிவாரணம், காவல் ஆகியவற்றுக்கு முறை உண்டா? எப்போதும் கடைசியில் நிற்பவர் யார்?

2. மாடு உடையவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான பிணக்கை அந்த மக்கள் தீர்த்த விதம் சரியா? எமது ஊரில் பயிருக்கும் மாட்டுக்குமான பிணக்கு எப்படித் தீர்க்கப்படுகிறது?

3. எமது காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் யார் பெயரில் உள்ளது? அதன் பிரதி வேறொரு பாதுகாப்பான இடத்தில் உண்டா?

4. புதிதாக வந்து குடியேறும் குடும்பத்தை எமது ஊர் எப்படி ஏற்கிறது?

5. ஹாலோவுக்குக் கிடைத்தது தயவா, நீதியா? எமக்கு வேண்டியது எது?